ஆல்ட் பொறுப்பு

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தணிக்கைக்காரர் வந்தது பிப்ரவரியிலா மார்ச்சிலா, மவுஸ்களை வைத்துப் பூட்டிய அலமாரி பச்சையா சாம்பலா, எதையும் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு விசைகளின் சத்தம் மட்டும் மாறாமல் நினைவிருக்கிறது. ஒன்று அமுங்கி நிற்கும், மற்றது தட்டுப்பட்டு எழும்பும். சில வருடங்களாக நான் அதிகம் யோசித்தது அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். எங்கள் அலுவலகத்தில் யோசிப்பதற்கு நேரம் உண்டு.

திருவனந்தபுரத்தில் படகுத்துறை எண்ணிடல் இயக்ககம் என்று ஒன்று இருக்கிறது. மாநிலத்தின் ஒவ்வொரு படகுத்துறைக்கும் ஓர் எண் கொடுப்பது அதன் கடமை. கடைசிப் படகுத்துறைக்கு எண் கொடுத்தது நான் வேலையில் சேருவதற்குப் பத்து வருடம் முன்னால். அதன் பிறகு, கொடுத்த எண்களைப் பாதுகாத்துவருகிறோம். இதற்கு மொத்தம் பதினான்கு பேர், பதினான்கு கணினிகள்.

கணினித் திரையில் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக எங்களுக்கு ஒரு முறை இருந்தது. முன்னால் திறந்திருப்பதை மவுஸால் மூடுவோம். சேமிக்கட்டுமா என்று கணினி கேட்கும். பக்கத்து இருக்கையில் கேட்போம். பக்கத்து இருக்கைக்காரர் சூப்பிரண்டிடம் கேட்டுவிட்டு வருவார். அதற்குள் சாயாவும் பழம்பொரியும் வந்துவிடும். சாப்பிட்டுக் கை கழுவி வந்து அடுத்ததைத் திறப்போம். எதற்காகத் திறந்தோம் என்பது சில சமயம் மறந்திருக்கும். அன்றைய வேலை அத்துடன் முடியும்.

அந்த இடத்துக்குத்தான் பவித்ரன் வந்தான். தேர்வெழுதி வந்தவன். வடகோடியில் நீலேஸ்வரம் அவன் ஊர். ரயிலில் ஒரு முழு இரவு தூரம். கல்யாணமாகி இரண்டாம் மாதமே இங்கே வேலை. மனைவி ஷிஜி ஊரில் தனியாக இருந்தாள். அவளுக்குப் பெற்றோர் இல்லை, அவனுக்கும் இல்லை. நீலேஸ்வரத்துக் கிளை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை விண்ணப்பம் போட்டிருந்தான். அக்டோபரில் அவள் கர்ப்பமாக இருப்பது உறுதியானதும் நான்காவதையும் போட்டான். பொது மாற்றல் உத்தரவுகளுக்குக் கடைசி நாள் மே முப்பத்தொன்று, மாலை ஐந்து மணி. தவறினால் அடுத்த மே.

அவனுக்கு அடுத்த இருக்கை எனக்கு. "ஏட்டா" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவான். அதற்கு மேல் நாங்கள் அதிகம் பேசியதில்லை. நான் மேஜை இழுப்பறையில் புத்தகம் வைத்துப் படிப்பவன். அவன் வேலை செய்பவன். இரண்டுமே அங்கே ஒளிந்து செய்யவேண்டிய காரியங்கள்.

பிரச்சினை ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. சூப்பிரண்டு சுகுமாரக் குறுப்பு வழக்கம்போல வரிசைகளுக்கு நடுவில் நடந்து வந்தார். பவித்ரனின் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"நில்லு. இப்ப இங்க என்ன இருந்துச்சு?"

"எங்க சாரே?"

"இங்கதான். நான் வர்றப்ப ஒரு கடுதாசி இருந்துச்சு. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வேற கடுதாசி. எதை ஒளிச்சே?"

"ஒளிக்கல சாரே. அது விடுப்புப் பட்டியல், இது பணிப்பதிவேடு. ரெண்டையும் ஒத்துப் பாக்கறேன். ஆல்ட் விசையைப் பிடிச்சுக்கிட்டு டேப் விசையைத் தட்டினா, ஒரு விண்டோவுலருந்து அடுத்த விண்டோவுக்குப் போயிடலாம்."

"நாங்கல்லாம் ஒத்துப் பாக்கலையா? இவ்ளோ வேகம் எதுக்கு? வேகம் இருக்கற இடத்துல ஏதோ களவு இருக்கும்."

சுற்றிலும் மற்றத் திரைகளில் சீட்டாட்டம் விரிந்து கிடந்தது. அதை யாரும் ஒளிக்கவில்லை. ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை. சங்கச் செயலாளர் சந்திரமதிச் சேச்சி கறுப்பு ராஜாவின் மேல் சிவப்பு ராணியை இழுத்து வைத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்.

"விடுங்க குறுப்பு சாரே, புது மாப்ள. பொண்டாட்டி போட்டோ பாத்திருப்பான்."

"பொண்டாட்டி போட்டோன்னா ஒளிக்க வேண்டாமே. அது முறையான விஷயம்தானே. இவன் வேற எதையோ பாக்கறான்."

"வேலையைத்தான் பாத்தேன் சாரே."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க," என்றார் குறுப்பு. அங்கே அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் பவித்ரனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விடுப்புப் பட்டியலுக்குப் பின்னால் பணிப்பதிவேடும் பணிப்பதிவேட்டுக்குப் பின்னால் விடுப்புப் பட்டியலும் இருந்தன என்று அவன் உண்மையை எழுதிக் கொடுத்தான். அதுதான் அவன் செய்த தவறு. சீட்டாடினேன் என்று எழுதியிருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்கள். நம்பும்படியாக எதுவும் எழுதாததால் விஷயம் டைரக்டர் வரை போனது.

டைரக்டர் ஜோர்ஜ் இடிக்குளா நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார். பவித்ரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க அதைச் செய்துகாட்டச் சொன்னார். பவித்ரன் செய்தான். திரை மாறியது. இரண்டு பேர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். இன்னொரு முறை என்றார் டைரக்டர். மாறியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பவித்ரா, முப்பத்துரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன், கேட்டுக்கோ. ஒரு காகிதம் இந்த மேஜையிலருந்து அந்த மேஜைக்குப் போக நாலு நாள் ஆகும். அந்த நாலு நாள்ல பாதிப் பிரச்சினை தானாத் தீந்துடும். மனு கொடுத்தவன் சமாதானமாயிடுவான். இல்லன்னா செத்துடுவான். இதுக்குப் பேர்தான் நிர்வாகம். நீ அரை நொடில போயிட்டேன்னா, அந்த மனுஷன் உயிரோட இருக்கறப்பவே நாம பதில் சொல்லவேண்டி வரும். அவனுக்கு என்ன பதில் சொல்லுவே?"

பவித்ரன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தணிக்கைக்காரர் வந்தார். அவர் எங்களை விடக் கூர்மையானவர். அலுவலகக் கையேட்டைத் திறந்து ஒரு விதியைக் காட்டினார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கோப்பு நகரும்போதெல்லாம் நகர்வுப் பதிவேட்டில் எழுதவேண்டும். பவித்ரனின் கணினியில் ஒரு நாளைக்குச் சராசரி நானூற்றுப் பன்னிரண்டு நகர்வுகள். ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

ஒவ்வொரு நகர்வையும் எழுதவேண்டும் என்று அன்றே உத்தரவு வந்தது. பதிவேடு கணினியிலேயே இருந்தது. பவித்ரன் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனதை எழுதுவதற்காகப் பதிவேட்டின் சாளரத்துக்குப் போனான். அப்படிப் போனதும் ஒரு நகர்வு என்பதால் அதையும் எழுதினான். எழுதி முடித்துத் திரும்பி வந்தான். திரும்பி வந்ததை எழுத மறுபடி போனான். மதியம் வரை அவன் கிளம்பிய இடத்துக்கு வந்து சேரவே இல்லை. இந்தக் கஷ்டத்தைக் குறுப்பிடம் சொன்னபோது அவர் மனதாரப் பாராட்டினார்.

"இப்பத்தான் மோனே நீ நம்மள மாதிரி வேலை செய்யறே."

கடைசியில் பதிவேட்டைக் காகிதத்துக்கு மாற்றி, அதை எழுத என்னை நியமித்தார்கள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கிளம்பிய சாளரம், சேர்ந்த சாளரம், நேரம், காரணம் என்று நான்கு கட்டங்களை நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் முதல் நாள் முழுக்க "வேலை" என்று எழுதினேன். எந்த வேலை, ஏன் இன்றே செய்யவேண்டும் என்று கேட்டுப் பதிவேடு திரும்பி வந்தது.

இந்நிலையில் சங்கம் தலையிட்டது. வாசலில் கூட்டம். கொடி, ஒலிபெருக்கி, முஷ்டி உயர்த்திய கோஷம். சந்திரமதிச் சேச்சி பேசினால் எனக்கு எப்போதும் புல்லரிக்கும். அன்றும் புல்லரித்தது.

"தோழர்களே! ஒரே கை. கட்டைவிரல் ஆல்ட்ல, பக்கத்து விரல் டேப்ல. ஒரு தொழிலாளியோட ஒத்தைக் கையில ரெண்டு பேரோட வேலையை ஏத்தி வெச்சிருக்காங்க! இது சுரண்டல் இல்லையா? கம்ப்யூட்டர் வந்தப்ப எதிர்த்தோம். அப்புறம் அதுல வேலை குறைவுன்னு தெரிஞ்சதும் ஏத்துக்கிட்டோம். அது பெருந்தன்மை. ஆனா இன்னிக்கு ஒருத்தன் அரை நொடில எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டா, மிச்சம் பதிமூணு பேர் எதைச் செய்யாம இருக்கறது? சொல்லுங்க தோழர்களே, எதை?"

கூட்டம் நீண்ட நேரம் கைதட்டியது. பவித்ரனும் தட்டினான். அவனும் உறுப்பினர்.

இரண்டு விசைக்கு இரண்டு பேர் என்ற கோரிக்கையை டைரக்டர் உடனே ஏற்றார். அவருடைய கொள்கைக்கும் அது பொருந்தியது. அனுமதிப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். சுற்றறிக்கை இப்படி இருந்தது. ஆல்ட் அனுமதி விசை, ஆகவே சூப்பிரண்டு மட்டுமே அமுக்குவார். டேப் செயல் விசை, அதைக் குமாஸ்தா தட்டுவார். சாளரம் மாற்ற மவுஸைப் பயன்படுத்துவது இரட்டைக் கண்காணிப்புக்கு எதிரானது. எனவே எல்லா மவுஸ்களும் திரும்பப் பெறப்பட்டு ஓர் அலமாரியில் பூட்டப்படுகின்றன. அரக்கு முத்திரையிட்ட அந்த அலமாரியை மூன்று பேர் கொண்ட கமிட்டி கூடித்தான் திறக்கலாம். கமிட்டியின் மூன்றாவது உறுப்பினர் பின்னர் அறிவிக்கப்படுவார்.

மவுஸ் போனதால் சீட்டாட்டமும் நின்றது. யாருக்கும் பவித்ரனோடு பேச்சில்லாமல் போனது அதன் பிறகுதான்.

குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைத்தார்கள். குறுப்பு தன் நாற்காலியை இழுத்துவந்து பவித்ரனின் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். ஐம்பத்தாறாவது வயதில், ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கையில், வாழ்வில் முதல் முறையாக ஒரு விசையை அமுக்கப்போகிறார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அமுக்கினாப் போதும்ல?"

"போதாது சாரே. பிடிச்சுக்கணும். நான் டேப்பைத் தட்டத் தட்ட, திறந்திருக்கற எல்லா விண்டோவும் சின்னச் சின்னப் படமா வரிசையாத் தெரியும். வேண்டியது வந்ததும் சார் விரலை எடுக்கணும். எடுத்தாத்தான் மாறும்."

குறுப்பு நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"அமுக்கறப்ப ஒண்ணும் ஆகாது?"

"ஆகாது."

"நீ தட்டறப்பவும் ஆகாது?"

"ஆகாது சாரே."

"நான் விரலை எடுக்கறப்பதான் ஆகும்."

"ஆமா."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். முப்பத்தாறு வருடம் ஒவ்வொரு கோப்பிலும் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதியவர் அவர். சரி என்றோ தவறு என்றோ எழுதியதில்லை. உலகில் எது நடந்தாலும் தன்னால் நடக்கவில்லை என்பதே அவர் சம்பாதித்த நிம்மதி. இப்போது அது ஒரு கட்டைவிரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. காரியங்கள் அமுக்குவதால் நடப்பதில்லை, விடுவதால்தான் நடக்கின்றன என்று அன்று எனக்கும் தோன்றியது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று முதல் அவர் விரலை எடுப்பது அரிதானது. காலையில் அமுக்குவார், பவித்ரன் தட்டுவான், படங்கள் வரிசையாக நிற்கும். குறுப்பு வலக்கையால் சாயா குடித்தபடி யோசிப்பார். ஒரு நாளைக்கு ஒரு முறை எடுத்தால் அதிகம். அதுவும் தும்மல் வந்தால். டைரக்டர் வந்து பார்த்துவிட்டு உருகிப்போனார்.

"அற்புதம். நிலுவைன்னா இதுவரைக்கும் கட்டுக்கட்டா தூசி பிடிச்சு மூலையில கிடக்கும். இவ்ளோ தெளிவா, வரிசையா, வெளிச்சத்துல ஒரு நிலுவையை நான் பாத்ததே இல்ல."

மே இருபதாம் தேதி டைரக்டர் மாற்றல் பட்டியலில் கையெழுத்திட்டார். ஏழு பெயர்கள். ஏழாவது பவித்ரன். ஒவ்வொருவருக்கும் விண்ணப்பச் சாளரத்தைச் சரிபார்த்துவிட்டு, உத்தரவுச் சாளரத்துக்குப் போய் அனுப்பவேண்டும். அனுப்பும் இருக்கை பவித்ரனுடையதேதான். வரிசையை மீறக்கூடாது. பதினோரு நாளில் ஆறு பேருடைய உத்தரவுகள் போயின. குறுப்புக்கு ஜலதோஷம் இருந்ததால் அவ்வளவாவது முடிந்தது.

மே முப்பத்தொன்று வந்தது. எங்கள் பக்கம் பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார்கள் மே மாதத்தைப் போட்டுவிடுவார்கள். அதனால் மாதக் கடைசியான அந்த ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஓய்வு பெறுவார்கள். குறுப்பும் அன்று ஐந்து மணிக்கு.

காலை 10.14. குறுப்பு அமுக்கினார். பவித்ரன் தட்டினான். தன் மாற்றல் உத்தரவின் சின்னப் படத்தில் வெளிச்சக் கட்டம் வந்து நின்றது. நான் பதிவேட்டில் கிளம்பிய சாளரம், விண்ணப்பம் என்று எழுதிக் காத்திருந்தேன்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது.

"சாரே, விரலை எடுங்க."

"யோசிக்கறேன்."

"யோசிக்க என்ன இருக்கு? டைரக்டர் கையெழுத்துப் போட்டாச்சு."

"அது அவர் கையெழுத்து. இது என் விரல்."

"ஆறாம் தேதின்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க சாரே. அவ தனியா இருக்கா. பக்கத்து வீட்டுக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு ஓடை வேற."

"எனக்குப் புரியுது மோனே. ஆனா யோசிச்சுப் பாரு. உன் மாத்தல் உத்தரவை நீயே அனுப்பறே. நாளைக்கு ஒருத்தன் கேப்பான், யாரு விரலை எடுத்தாங்கன்னு. முப்பத்தாறு வருஷம் என் மேல ஒரு கேள்வி வந்ததில்ல. ஏன்? நான் ஒண்ணும் செஞ்சதில்ல. கடைசி நாள்ல செய்யச் சொல்றியா?"

"சும்மா விட்டாப் போதும் சாரே. செய்யக்கூட வேண்டாம்."

"விடறது லேசுன்னு நினைக்கறே நீ," என்றார் குறுப்பு. அவர் கண் கலங்கியிருந்தது.

சந்திரமதிச் சேச்சியிடம் போனான். அவள் அவன் தோளைத் தட்டினாள்.

"சங்கம் உன் கூட இருக்கு. ஆனா ஒப்பந்தத்தை நாமளே மீறக்கூடாது, இல்லையா? அடுத்த மே மாசம் பெரிய போராட்டமா எடுத்துடலாம்."

மதியம் அவரவர் சோற்றுப் பொதியைப் பிரித்தார்கள். சேச்சி ஒரு வாழையிலையில் சோறும் மீன்கறியும் வைத்துக் குறுப்பின் முன்னால் நீட்டினாள். வலக்கையால் சாப்பிட்டார். இடக் கட்டைவிரல் அசையவில்லை. பவித்ரன் சாப்பிடவில்லை. அவன் பையில் இருந்த போன் இரண்டு முறை துடித்து அடங்கியது. அவர் முழங்கைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான். லேசாக இடித்திருந்தால் போதும். என் கையில் பேனா இருந்தது, மடியில் பதிவேடு இருந்தது. நான் இடிக்கவில்லை. அந்தப் பிற்பகலை நான் எத்தனையோ முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இடிக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாலு மணிக்கு வழியனுப்பு விழா. குறுப்பு எழுந்து வர முடியாது என்பதால் விழாவே அவரிடம் வந்தது. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். பவித்ரனின் மேஜைக்குப் பின்னால் பேனர் கட்டினார்கள். ஒலிபெருக்கியை அச்சு இயந்திரத்தின் மேல் வைத்தார்கள். ஏழு பேர் பேசினார்கள். கடைசியாக டைரக்டர்.

"குறுப்பு சார் செஞ்சாருன்னு சொல்ற மாதிரி ஒரு காரியம்கூட இந்த அலுவலகத்துல கிடையாது. தேடிப் பாத்தேன், கிடைக்கல. ஒரு அரசு ஊழியனுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் உண்டா? நாம எல்லாரும் தப்பு பண்ணுவோம். ஏன்னா ஏதாவது பண்ணிடறோம். இந்த மனுஷன் கடைசி நிமிஷம் வரைக்கும், இதோ பாருங்க, இந்த நிமிஷம்கூட, விரலை எடுக்கல! இந்த உறுதி அடுத்த தலைமுறைக்கு வருமா?"

கைதட்டல். சிலர் அழுதார்கள். மணி 4.53. டைரக்டர் பொன்னாடையை விரித்துக் குறுப்பின் தோளில் போர்த்தினார்.

பொன்னாடை தோளில் விழுந்தால் நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்வோமோ அதைத்தான் அவரும் செய்தார். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குவித்துக் கும்பிட்டார்.

திரை மாறியது.

பவித்ரன் ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அனுப்புவதற்கு உள்ள ஒரே விசையைத் தட்டினான். அந்த விசையைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. அச்சு இயந்திரம் ஒலிபெருக்கியைச் சுமந்தபடியே உறுமி ஒரு தாளைத் துப்பியது. எல்லோரும் குழுப் புகைப்படத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். குறுப்பு மட்டும் தன் குவிந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

நான் பதிவேட்டை எடுத்து மிச்சக் கட்டங்களை நிரப்பினேன். சேர்ந்த சாளரம், உத்தரவு. நேரம், 4.53. காரணம், நன்றி.

அந்தக் கடைசிச் சொல்லை வைத்து ஜூலையில் விசாரணை நடந்தது. கும்பிடுவது அனுமதி ஆகுமா என்று சட்டத்துறையிடம் கேட்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நன்றி தெரிவிப்பது ஓர் உணர்ச்சி, உணர்ச்சி அனுமதி ஆகாது, எனவே மாற்றல் செல்லாது. பவித்ரனைத் திரும்ப அழைக்கும் உத்தரவு அன்றே தயாரானது. அதை வரைவுச் சாளரத்திலிருந்து அனுப்பும் சாளரத்துக்குக் கொண்டுபோக ஆல்ட் பொறுப்பில் ஒருவர் வேண்டும். குறுப்பு போன பிறகு அந்தப் பொறுப்பை ஏற்க யாரும் முன்வரவில்லை. மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூவரும் மருத்துவ விடுப்பில் போனார்கள். உத்தரவு இன்னும் திரையில் இருக்கிறது.

டைரக்டர் இடிக்குளா பதவி உயர்ந்து, விரைவுச் சேவைகளுக்கான ஆணையர் ஆனார். சந்திரமதிச் சேச்சி சூப்பிரண்டாகி, விசை எதையும் தொடுவதில்லை என்ற நிபந்தனையோடு அந்த நாற்காலியில் இருக்கிறாள். மவுஸ்கள் அலமாரியில் இருக்கின்றன. மூன்றாவது உறுப்பினரை இன்னும் அறிவிக்கவில்லை. குறுப்பு கிளிமானூரில் வீட்டோடு இருக்கிறார். விசாரணையில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். தெரிந்துதான் எடுத்தீர்களா என்று. ஆமாம் என்று சொன்னாராம். உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் அதே இருக்கையில் பதிவேடு எழுதுகிறேன். எழுத நகர்வு எதுவும் இல்லாததால் படிக்க நேரம் கிடைக்கிறது.

பவித்ரன் நீலேஸ்வரத்தில் இருக்கிறான். ஜூன் நான்காம் தேதி, சொன்னதற்கு இரண்டு நாள் முன்னதாக, பெண் குழந்தை பிறந்தது. அவன் பக்கத்தில் இருந்தான்.